ஜெபசெல்வி அத்தையும் ஏலம் போன மீல் மேக்கரும்

என் அத்தை ஜெபசெல்வி ஞாயிறு ஆராதனையில் சபையோடு சேர்ந்து ஜெபம் சொல்லும்போது ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். பிறர் செய்த குற்றத்தை மன்னித்துவிட்டதாகச் சொல்லுகிற இடம் அது. மற்றவர்கள் அந்த வரியை முடிக்கும்வரை ஆண்கள் பக்கத்தின் முதல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வரிக்குச் சரியாக வந்து சேர்ந்துகொள்வாள். ஏன் அத்தை என்று கேட்டேன். "செய்யாததச் செஞ்சேன்னு கர்த்தர்கிட்டயே பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றாள்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தேவபிரசாதம் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் சபை நடத்துகிற மாணவியர் விடுதியின் செயலாளர். அந்த விடுதியில்தான் அத்தை இருபது வருஷத்துக்கு மேல் சமைத்தாள்.

அத்தை நாசரேத்துக்காரி. என் அப்பாவின் தங்கை. தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அவர் போன பிறகு விடுதிச் சமையலறைக்குள் நுழைந்தாள். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் உப்பளத் தொழிலாளிகளின் மகள்கள். சிலர் சாத்தான்குளத்துக்கு மேற்கே, மழை மறந்துபோன ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஜூன் மாதத்தில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கும்போது பெட்டிதான் பெரிதாகத் தெரியும், பிள்ளை தெரியாது. அத்தை கையால் ஒரு வருஷம் சாப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அத்தைக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது இரக்கப்பட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எனக்கு அறுபது உருப்படி இருக்கு. ஒன்ன மாதிரி ரெண்டப் பெத்து ரெண்டையும் சோகையா விடல" என்பாள். ஆமாம், அவள் நாக்கு அப்படித்தான்.

விடுதிக்கு வரும் பணம் என்றைக்குமே போதாது. ஆட்டுக்கறி பண்டிகைக்கு மட்டும். பசும்பால் வாங்கினால் காப்பி நிறத்துக்குக்கூடக் காணாது, வாங்கியதும் மதிய வெயிலில் திரிந்துபோகும். அதனால் அத்தையின் சமையலறை பாக்கெட்டையும் டின்னையும் நம்பி நடந்தது. மீல் மேக்கரைக் கொதிநீரில் ஊறப்போட்டு, பிழிந்து, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி பிழிந்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் அரைத்துப் போட்டுக் கிளறுவாள். பிள்ளைகள் அதற்குக் கறிக்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். பால் பவுடரைக் கட்டி விழாமல் வெதுவெதுப்பான நீரில் குழைத்து இரவில் ஆளுக்கொரு டம்ளர். மீன்பிடித் தடைக்காலம் வந்து சந்தையில் மீன் விலை ஏறிவிட்டால், டின் மீனை உடைத்துப் புளிக்குழம்பில் போடுவாள். சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் கல்லாகக் காயவைத்த மாசியை இடித்துப் பொடியாக்கிச் சோற்றின் மேல் தூவுவாள். முட்டையும் கீரையும் மலிவாகக் கிடைக்கிற நாளில் அவையும் உண்டு. சிப்ஸ் பாக்கெட்டோடு ஒரு பிள்ளை உள்ளே வந்தால் மட்டும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். அது வேறு, இது வேறு என்பது அவளுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம்.

தேவபிரசாதம் சாருக்கு அது விளங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, திருடரும் இல்லை. அவருக்குச் சர்க்கரை ஏறி, எங்கோ ஒரு இயற்கை உணவு முகாமுக்குப் போய், உண்மையாகவே குறைந்து திரும்பி வந்தார். தனக்குக் கிடைத்த சுகம் ஊருக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். அத்தையிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது அசனத்தை.

அசனம் என்பது எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அரிசி ஒருவர் தருவார், ஆடு ஒருவர் தருவார், எல்லா வீட்டுப் பெண்களும் வந்து வெங்காயம் உரிப்பார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அசனத்துச் சாம்பாரின் கரண்டி பல வருஷமாக அத்தை கையில்தான் இருந்தது. அந்த வருஷம் அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தபோது இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் விடுதிக் குப்பையிலிருந்து பொறுக்கிய மீல் மேக்கர் கவர்கள், பால் பவுடர் உறைகள், மீன் டின்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஜூஸுக்கு அவள் கலக்குகிற ஆரஞ்சுக் கலர்ப் பொடிப் பொட்டலங்கள். சார் மைக்கைப் பிடித்து, "உங்கள் பிள்ளைகள் சாப்பிடுவது உணவா, குப்பையா? நீங்களே பாருங்கள்" என்றார். பிறகு மைக்கை இறக்கிவிட்டு அத்தையிடம், "நீ அண்டாவில் கை வைக்க வேண்டாம்" என்றார். மைக் அணையவில்லை. அது எல்லோருக்கும் கேட்டது.

அத்தை அந்த அசனத்தில் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் விடுதிச் சமையலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஏழு வருஷம் கப்பல் சமையலறைகளிலும் கண்ட கண்ட துறைமுகங்களிலும் அலைந்துவிட்டு நான் அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தது அதே வருஷம் ஜூலையில். ஆடிக் காற்று உப்பளத்தின் வெள்ளைத் தூசியை வீட்டுக்குள் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். அத்தையோ ஒரே ஜன்னலருகே நின்று தவம் செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து விடுதிக்குப் போகும் பாதை எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான். நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள்.

"ஏளா ஜாஸ்லின், இங்கன வா. கடைசில வாரவளப் பாரு. சட்ட தோள்ல நிக்கல. பாவாடைக்கு ஊக்கு குத்தியிருக்கா."

அவள் குரலில் இரக்கம் இல்லை. அடுப்பில் இருப்பது பதத்துக்கு வருவதைப் பார்க்கிறவளின் குரல்.

"காலாண்டு லீவுக்கு வீட்டுக்குப் போவாளுவ. தாய்மாரு பாப்பாளுவ. அன்னைக்கு இருக்கு அவனுக்கு."

"பாவம் அத்தை, சின்னப் பிள்ளைங்க."

"என்னக் குப்பன்னு சொன்னப்போ எந்தத் தாய்மாராவது எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னாளா? காயட்டும்."

விடுதியில் இப்போது சாமைச் சோறு, கம்பங்கூழ், கீரை, செக்கு எண்ணெய், கருப்பட்டி. எல்லாமே நல்ல பொருள்தான். ஆனால் பழைய பணத்தில் அந்தப் பொருள் பாதிதான் வரும். முட்டையைச் சார் நிறுத்திவிட்டார், பண்ணைக் கோழியுடையது என்று. பால் பவுடருக்குப் பதில் ஒரு வீட்டு மாட்டுப் பால், அது குருவானவர் வந்தால் கொடுக்கக் காணும். சாரின் வீட்டில் அதே சாமைச் சோற்றுக்கு சீலா மீன் வறுவலும் பாதாமும் கூடச் சேர்ந்தன. அந்த வித்தியாசம் அவர் கண்ணில் படவேயில்லை.

ஒருநாள் ஷீஜா என்கிற ஏழாம் வகுப்புப் பெண் எங்கள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவரின் மகள். அத்தை உடனே ஓடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

"காலையில என்னட்டி சாப்பிட்ட?"

"கூழு, பெரியம்மா."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"மத்தியானம்?"

"சாமச் சோறும் கீரையும்."

"மறுசோறு கேக்க வேண்டியதுதான? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"கேட்டா, நல்லா மென்னு தின்னா கொஞ்சமே போதும்னு சாரு சொல்லுதாரு."

அத்தை பால் பவுடரைக் குழைத்துச் சீனி போட்டுக் கொடுத்தாள். மதியச் சோற்றில் மாசிப் பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். மறுநாள் ஷீஜா ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் விடுதி முழுவதும் எங்கள் கொல்லைப்புறத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. என் கப்பல் சம்பளம் அத்தையின் அடுப்பில் ஏறியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் வாங்கியிருந்தாள், தெரிந்தால் சார் நிறுத்திவிடுவார் என்பதால். பிள்ளைகளை அழைத்துவருகிற விடுதி வார்டனும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் ஒரு டம்ளர் பால் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகள் தேறினார்கள். ஊக்கு குத்திய பாவாடைகள் சரியாக நின்றன. காலாண்டு லீவுக்குப் போய் வந்தார்கள், எந்தத் தாயும் ஒரு குறை சொல்லவில்லை. லீவு முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் தேவபிரசாதம் சார் எழுந்து ஒரு சாட்சி சொல்ல வேண்டும் என்றார். விடுதிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"பாக்கெட்டைத் தூக்கி எறிந்தோம். சில மாதங்களில் இந்தப் பிள்ளைகளின் முகத்தில் வந்திருக்கும் களையைப் பாருங்கள். இயற்கை உணவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

சபை கை தட்டியது. பெண்கள் பக்கத்தில் அத்தை கல்லாக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கரண்டியைச் சுவரில் எறிந்தாள்.

"நான் ஆக்கிப் போடுதேன், அவன் சாட்சி சொல்லுதான்! என் பால்ல ஊறின கன்னத்தக் காட்டிக் கை தட்டு வாங்குதான் பாரு!"

அவள் மாட்டிக்கொண்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகள் வாடினால் அவள் ஜெயிப்பாள். அவள் சோறு போட்டால் அவர் ஜெயிப்பார். மறுநாள் நாலு மணிக்கு அத்தை வாசற்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரு பக்கமும் திருப்பவில்லை. வெளியே பிள்ளைகள் நின்றார்கள். முதலில் கூப்பிட்டார்கள், பிறகு சும்மா நின்றார்கள். கடைசியில் ஷீஜாவின் குரல் வந்தது.

"பெரியம்மா, பால் வேண்டாம். தண்ணி மட்டும் தாங்க. குடிச்சிட்டுப் போயிருதோம்."

"தண்ணியாம், தண்ணி. கள்ளச் சிறுக்கி" என்று அத்தை எழுந்தாள். சாவியைத் தேடும்போது சாரின் மூன்று தலைமுறையையும் வைதாள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஜாஸ்லின், நான் சொன்னா பொறாமம்பாங்க. அவன் வாயாலயே சொல்ல வைக்கணும். மைக்குல."

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவருவது வழக்கம். பூசணி, வாழைத்தார், கோழி, உப்பு மூட்டை, வீட்டில் சுட்ட கேக், எதுவானாலும் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பிறகு வெளியே பந்தலில் ஏலம். ஏலம் போடுகிறவர் பொருளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி, அதன் பெருமையைப் பேசி விலை ஏற்ற வேண்டும். வந்த பொருள் எதையும் தள்ளக் கூடாது, ஏலம் போகாமலும் விடக் கூடாது. எங்கள் சபையில் ஏலம் போடுகிறவர் பல வருஷமாகத் தேவபிரசாதம் சார்தான். அவர் தொண்டை அப்படி.

கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கடைக்கு அத்தை என்னைக் கூட்டிப்போனாள். மீல் மேக்கர் மூட்டை, பால் பவுடர், டின் மீன் பெட்டி என்று அவள் சொல்லச் சொல்ல அண்ணாச்சி கண்ணை விரித்தார்.

"என்னம்மா, கப்பல் எதுவும் வாங்கியாச்சா?"

"வாங்கல அண்ணாச்சி. ஒண்ணக் கவுக்கப் போறேன்."

"யாரு, எச்.எம். சாரா? போன மாசம் இங்கன வந்து, நீ வெசம் விக்கியன்னு என்னய ஒரு மணி நேரம் நிக்க வச்சுப் பாடம் நடத்துனாருல்லா. நம்ம கப்பல்காரனுவ ஆறு மாசம் இதத்தான் தின்னுட்டுப் பனமரம் மாதிரி வந்து எறங்குதானுவ."

"நான் இறங்கினபோது நீங்க பார்க்கலையே அண்ணாச்சி" என்றேன். ஒரு தக்காளிப் பழத்தை நினைத்துக் கண்ணீர் விட்ட மாலுமிகளை நான் பார்த்திருக்கிறேன். டின்னே கதி என்று யாரும் வாழ முடியாது. அத்தைக்கும் அது தெரியும், அதனால்தான் அவள் கொல்லையில் முருங்கை நிற்கிறது. ஆனால் அன்றைக்கு அதைப் பேச அவள் வரவில்லை. டின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உப்பியிருந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

பண்டிகையன்று விடுதிப் பிள்ளைகள் காணிக்கைப் பவனியில் கடைசியாக வந்தார்கள். ஆளுக்கொரு டின், ஆளுக்கொரு பாக்கெட். ஷீஜாவும் இன்னொருத்தியும் மீல் மேக்கர் மூட்டையைத் தூக்கிவந்து பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்தார்கள். குருவானவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், ஒன்றும் தெரியாமல் ஆசீர்வதித்தார். சார் மட்டும் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தலில் ஏலம் களைகட்டியது. ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் என்ன பேச்சுப் பேசி விற்றார் தெரியுமா! மூட்டையின் முறை வந்தபோது அதைத் தாண்டிப் பின்னால் இருந்த வாழைத்தாரை எடுத்தார்.

"சார், ஒண்ண விட்டுட்டீங்க" என்றாள் அத்தை, பெண்கள் பக்கத்திலிருந்து.

"அதைப் பிறகு பார்க்கலாம்."

"கோயிலுக்கு வந்ததத் தள்ளக் கூடாதுன்னு போன வருசம் அழுகின பப்பாளிக்கே அர மணி நேரம் பேசுனீங்க."

சிரிப்பு எழுந்தது. குருவானவர், "எடுங்க சார், வழக்கம் வழக்கம்தானே" என்றார். சார் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"மீல் மேக்கர். ஒரு மூட்டை."

"குடுத்தது யாருன்னு சொல்லலையே?"

"ஜெபசெல்வி" என்றார் சார். அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் உப்பளம்வரை போயிருக்கும். "கேட்பவர் கேட்கலாம்."

யாரும் கேட்கவில்லை. அத்தை அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றாள். "பொருளோட பெருமையச் சொன்னாத்தான சார் கேப்பாங்க. கவர்ல எழுதியிருக்கும். படிங்க."

"கண்ணாடி கொண்டுவரவில்லை."

ஆண்கள் பக்கத்திலிருந்து நாலு கண்ணாடிகள் நீண்டன. சார் ஒன்றை மாட்டிக்கொண்டார். வியர்வையில் அது மூக்கிலிருந்து இறங்கியது. "நூறு கிராமில்… புரதம் ஐம்பத்திரண்டு கிராம்" என்று படித்தார்.

"சத்தமா சார். பின்னால கேக்கல."

அவர் மறுபடி படித்தார். குருவானவர் பேச்சை இலகுவாக்க நினைத்து விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் இப்போ இது பழக்கம் விட்டுப்போயிருக்குமே?"

ஷீஜா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை தலையை அசைத்தாள். வாங்கிய சத்தியத்தை அவளே திருப்பிக் கொடுத்தது அந்த அசைவில்தான்.

"இல்ல ஐயா, தெனமும் சாப்பிடுதோம். நாலு மணிக்கு, பெரியம்மா வீட்டுல. பாலும் இதும் டின் மீனும். ஆடி மாசத்துல இருந்து."

அறுபது பிள்ளைகளும் ஆமாம் என்றார்கள். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து, காலில் உப்பு வெடிப்போடு உட்கார்ந்திருந்த ஒரு தாய் எழுந்தாள்.

"அப்போ ஆஸ்டல்ல எங்க பிள்ளைக்கு என்னதான் போட்டீங்க சாரு? சாட்சி சொன்னீங்களே, அது யாரு சோத்துக்கு?"

மூட்டை இன்னும் சாரின் தலைக்கு மேலேயே இருந்தது, இறக்கி வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. ஏலம் அதன் பிறகு பிடித்துக்கொண்டது. உப்பளத்து ஆட்கள் போட்டி போட்டு ஏற்றினார்கள். எடுத்தவர் விடுதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு டின்னுக்கும் சார் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மறுநாளே குருவானவரின் மனைவி ஆனியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை திரும்ப விடுதிச் சமையலுக்கு வர வேண்டும் என்றும், சார் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார் என்றும் சொன்னார்.

"கடிதத்த வாங்காதீங்க" என்றாள் அத்தை.

ஆனியம்மாவின் முகம் மலர்ந்தது. "உங்க பெரிய மனசு யாருக்கு வரும்!"

"மனசும் இல்ல மண்ணும் இல்ல. ராஜினாமா பண்ணிட்டா வீட்டுல கதவச் சாத்திட்டுச் சுகமா இருந்துருவாரு. எனக்கு அது காணாது. அவரே செயலாளரா இருக்கட்டும். வாராவாரம் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கு அவரே போயி, மீல் மேக்கரும் பால் பவுடரும் டின்னும் அவரு ஸ்கூட்டர்ல வச்சு, மார்க்கெட் வழியா கொண்டுவரணும். ஆட்டோ கூடாது. அப்படின்னா வாரேன். அசனத்துக் கரண்டியும் எனக்குத்தான்."

சார் ஒத்துக்கொண்டார். அந்தத் தாய் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை என்று சாரின் மனைவியே வந்து ஆனியம்மாவிடம் சொன்னாராம். முதல் வாரம் சாமானை விடுதி ஸ்டோர் ரூமில் இறக்கி வைத்துவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"ஜெபசெல்வி, அந்தக் கலர்ப் பொடி ஜூஸ் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதில் ஒன்றுமே இல்லை."

"எங்க வீட்டுல வச்சுப் பிள்ளைகளுக்குக் குடுத்தப்போ நான் ஒருநாளும் அதக் கலக்கல" என்றாள் அத்தை. அவர் முகம் கொஞ்சம் தெளிவதைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டாள்: "நீங்க சொன்னதுனால இல்ல."

இப்போது சனிக்கிழமை காலைகளில் சமையலுக்குக் கிளம்புமுன் அத்தை மறுபடியும் ஜன்னலருகே நிற்கிறாள். பால் பவுடர் டப்பாக்கள் பையில் இடிபட, முன்னால் கால் வைக்கிற இடத்தில் மூட்டையோடு, சாரின் ஸ்கூட்டர் பள்ளம் பார்த்து மெதுவாக வரும். ஞாயிறு ஜெபத்தில் அந்த வரி வரும்போது அவள் வாய் இன்னும் திறக்கவில்லை.

"போதாதா அத்தை?" என்று போன சனிக்கிழமை, ஸ்கூட்டர் தெருவுக்குள் வரும்போது கேட்டேன். "அந்த மனுஷர் ஆளே பாதியாயிட்டாரு."

அத்தை கம்பிக்கு நெருக்கமாக முகத்தை வைத்து மூட்டையைக் கூர்ந்து பார்த்தாள். சார் அதை, எழுத்து இருக்கிற பக்கம் தன் முழங்காலைப் பார்க்கும்படி வைத்திருந்தார். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சாக்கு, அரிசி என்றுகூட நினைத்துக்கொள்ளலாம்.

"சார்!" என்று கத்தினாள்.

ஸ்கூட்டர் நின்றது.

"பேரு தெரியல சார். திருப்பி வைங்க."

தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சார் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டார். குனிந்து மூட்டையைத் தூக்கி, எழுத்துள்ள பக்கம் தெருவைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தார். வண்டி விடுதிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துவிட்டு, அத்தை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே சமைக்கக் கிளம்பினாள்.